அவுரியை விரட்டிய வெள்ளைச் சில்லு

வடசென்னைக் காசிமேட்டில் ஃபைபர் போட்டு பழுது பார்ப்பவர்களுக்கு அளவுக் கோப்பை தேவைப்படுவதில்லை. விரிசல் விட்ட இடத்தை கிரைண்டரால் தேய்த்துத் தூசி தட்டுகிறார்கள். கண்ணாடி இழை மேட்டைக் கத்தரித்து அதன்மேல் விரிக்கிறார்கள். பிளாஸ்டிக் மக்கில் ரெசின் இறங்குகிறது. முதலில் ஊதா நிற ஆக்சிலரேட்டர் சில சொட்டு விட்டுக் கலக்கி, அதன் பிறகுதான் தண்ணீர் போலத் தெளிந்த கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேருக்கு நேர் கலந்துவிடக் கூடாது, வெடிக்கும். அது அங்கே வேலை பழகும் பையனுக்குக்கூடத் தெரியும். வெயில் ஏற ஏற கேட்டலிஸ்ட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ்ஷை எடுப்பதற்குள் மக்கிலேயே ரெசின் கொதித்து இறுகிவிடும். தடவிய இடத்தில் ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழ்களை நசுக்குகிறார்கள். ஸ்டைரீன் நெடி மீன் வாடையையும் மீறி மூக்கில் ஏறுகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை வேகமாகப் பிடித்தவை இந்த ஃபைபர் போட்டுகள். அவற்றுக்கான சாதாரண ரெசினில் ஸ்டைரீனைத் தவிர மூன்று சரக்குகள் உண்டு: புரோப்பிலீன் கிளைக்கால், மேலிக் அன்ஹைட்ரைடு, தாலிக் அன்ஹைட்ரைடு. கிளைக்கால் பக்கத்து மணலியிலேயே தயாராகிறது. தாலிக், சென்னைக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி ராணிப்பேட்டையில் தயாராகிறது. நான் எழுத வந்தது இந்த மூன்றாவது ஆசாமியைப் பற்றி. படகில் அடங்கிக் கிடக்கும் இதே துண்டு, இன்றைக்கு உலகின் ஆய்வகங்கள் போட்டிபோட்டுச் செய்யும் பாலிமர் சோலார் செல்லில் எலெக்ட்ரானைப் பிடித்து இழுக்கும் முனையாகவும் இருக்கிறது.

பார்வைக்கு ஒன்றுமில்லை. வெள்ளைச் சில்லுகளாக மூட்டையில் வரும். தூள் பறந்தால் கண் எரியும், தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு ஆஸ்துமா வரும். மூலக்கூறாகப் பார்த்தால் ஒரு பென்சீன் வளையம், அதில் அடுத்தடுத்த இரண்டு மூலைகளில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு கைகள், அந்தக் கைகளைப் பூட்டி வைத்திருக்கும் ஓர் ஆக்சிஜன். பூட்டைத் திறந்தால் இரண்டு கைகளும் வேறு எதையாவது பிடிக்கும். பிடிப்பதை மாற்ற மாற்றப் பொருளும் மாறும். இதன் வாழ்க்கை வரலாறு என்பது அந்த இரண்டு கைகள் எதையெதைப் பிடித்தன என்கிற கதைதான்.

பிறந்த வீடு நாப்தலீன். துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டை. அதற்கும் மூலம் நிலக்கரித் தார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எண்ணூர்க் கரையில் இறங்கும் நிலக்கரிக்கும் இந்தத் தாருக்கும் சம்பந்தமில்லை. கொதிகலனில் போட்டு எரிக்கும் கரி தார் தராது. காற்று புகாத அடுப்பில் கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும்போதுதான் தார் வடியும். 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 450 மெகாவாட்டுக்கும், அத்திப்பட்டில் இருக்கும் பெரிய நிலையத்துக்கும் போன கரி, புகையும் சாம்பலுமாகவே முடிந்தது. சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது. துறைமுகத்தில் குவித்த கரியின் தூசி ராயபுரத்து மொட்டை மாடிகளில் படிந்து படிந்து, கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2011-ல் கரி இறக்குமதி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போனது. கார்பன் என்றால் வடசென்னைக்காரர்களுக்குக் கையில் ஒட்டும் கரிதான். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

தாலிக்குக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை நம் ஊர்க்காரர்களின் பிழைப்பைப் பறிப்பதாக இருந்தது. மதராஸ் மாகாணத்தில் கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு மாவட்டங்களில் அவுரி பயிராகிக்கொண்டிருந்த காலம். இலையைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் சேற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் நீலம். காய்ந்த இலையிலிருந்தே நீலம் எடுக்கும் முறை தென்னிந்தியாவுக்கு உரியது. கட்டிகள் மதராஸ் கரையிலிருந்து கப்பலேறின. சாயமும் துணியும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். வண்ணாரப்பேட்டையில் வெளுத்துப் போன துணிதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு.

ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனத்துக்கு அந்த நீலத்தைத் தொழிற்சாலையில் செய்ய வேண்டும். நீலத்தின் அமைப்பை அடால்ஃப் பேயர் கண்டுபிடித்துவிட்டார், செய்யும் வழிகூடத் தெரியும். ஆனால் மலிவான மூலப்பொருள் இல்லை. நாப்தலீன் மலிவு, அதைத் தாலிக்காக மாற்றுவதுதான் வலி. கந்தக அமிலத்தில் போட்டு எவ்வளவு சூடேற்றினாலும் வினை மெதுவாகவே நகர்ந்தது. ஒருநாள் பாத்திரத்துக்குள் வெப்பமானி உடைந்து பாதரசம் சிந்தியது, வினை திடீரென்று வேகமெடுத்தது என்பது இரசாயனத் தொழிலில் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. வெப்பமானி உடைந்ததோ இல்லையோ, பாதரசம் அந்த வினையை விரட்டுகிறது என்பது நிஜம். அந்நிறுவனத்தின் யூஜன் சாப்பர் அதைத் தொழில்முறையாக்கினார். தாலிக்கிலிருந்து ஆந்த்ரனிலிக் அமிலம், அதிலிருந்து நீலம். 1897-ல் ‘இண்டிகோ ப்யூர்’ சந்தைக்கு வந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்திய அவுரி வயல்கள் சுருங்கிப்போயின. சம்பாரண் விவசாயிகளின் கதை பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. கடப்பை, தென்னார்க்காட்டு அவுரித் தொட்டிக்காரர்களின் கதை எந்தப் பாடத்திலும் இல்லை.

ஒரு நீல மூலக்கூறை எழுதிப் பார்த்தால் இரண்டு ஓரங்களிலும் ஒரே அமைப்பு இருக்கும்: பென்சீன் வளையம், அதோடு ஒட்டிய ஐந்து மூலை வளையம், அதில் ஒரு கார்பனைல் (கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கை), நடுவை நோக்கி ஓர் இரட்டைப் பிணைப்பு. இந்தப் படத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு ஆண்டுகள் கழித்து இதே ஓரம் வேறு உடுப்பில் வரப்போகிறது.

நீலத்தில் தாலிக்கின் உத்தியோகம் நீடிக்கவில்லை. 1901-லேயே அனிலினிலிருந்து போகும் மலிவான வழியை வேதியியலர் பிளேகர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தாலிக்கைச் செய்வதே இன்னும் மலிவானது. முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் கிப்ஸும் கொனோவரும், ஜெர்மனியில் வோலும், நாப்தலீன் ஆவியைச் சூடான காற்றோடு வனேடியம் பென்டாக்சைடு மேல் செலுத்தினார்கள். அமிலமும் வேண்டாம், பாதரசமும் வேண்டாம். பிற்காலத்தில் நாப்தலீனின் இடத்தில் பெட்ரோலியத்திலிருந்து வரும் ஆர்த்தோ-சைலீன் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் முறை அதுதான்: ஆயிரக்கணக்கான குழாய்கள் நிற்கும் உலை, வெப்பத்தை வாங்கிக்கொள்ள வெளியே உருகிய உப்பு, 350 டிகிரிக்கு மேல் சூடு. வெளியேறும் ஆவி குளிர்ந்த தகட்டில் நேராக ஊசி ஊசியாகப் படியும்.

அடுத்த வேலை ஒரு பாத்திரம் விரிசல் விட்டதில் கிடைத்தது. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் தாலிக்கோடு அம்மோனியா சேர்த்து தாலிமைடு செய்துகொண்டிருந்தார்கள். கலத்தின் உள்பூச்சு விரிசல் விட்டு இரும்பு எட்டிப் பார்த்தது, வெள்ளையாக வர வேண்டிய சரக்கில் நீலப் பச்சையாக ஏதோ கலந்து வந்தது. எடுத்துப் போட்டுவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். நான்கு தாலிக் துண்டுகள் ஓர் இரும்பு அணுவைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தன. இரும்பின் இடத்தில் செம்பைப் போட்டால் தாமிர தாலோசயனைன். மங்காத நீலம். அச்சு மையில், சுவர்ப் பெயிண்டில் நாம் காணும் நீலத்தில் பெரும்பகுதி அதுதான்.

நடுவில் கிடைத்த வேலைகள் சாதாரணமானவை, ஆனால் டன் கணக்கில். ஒயர் உறை, ரெக்சின் சீட், பிளாஸ்டிக் செருப்பு என்று வளைந்து கொடுக்கும் பிவிசியில் பெரும்பாலும் தாலிக்கிலிருந்து செய்யும் தாலேட் உண்டு. குழந்தைகளின் பொம்மைகளில் அதைக் கட்டுப்படுத்த உடல்நலக் காரணம் சொல்லிப் பல நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமலின் ஆல்கைடு பிசினிலும் தாலிக். படகின் உடம்பு தாலிக், படகின்மேல் எழுதிய பெயரின் பெயிண்டும் தாலிக். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் அந்தப் படகுகளைக் கறுப்பாக்கியபோது ஒரே எண்ணெயின் இரண்டு பிறவிகள் அங்கே சந்தித்துக்கொண்டன. மீனவர்களுக்கு அதை ரசிக்க மனமிருந்திருக்காது.

வெயிலைப் பிடிக்கும் வேலைக்குத் தாலிக் முதலில் வந்தது 1986-ல். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், இரண்டு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒரு சோலார் செல் செய்தார். மாற்றுத்திறன் ஏறத்தாழ 1 சதவீதம். ஒரு படலம் தாமிர தாலோசயனைன், எலெக்ட்ரான் வழங்கி. இன்னொன்று பெரிலீன் வகைச் சாயம், எலெக்ட்ரான் ஏற்பி. கார் பெயிண்டில் சிவப்புக்குப் போகும் குடும்பம் அது, அதன் பூர்வீகமும் நிலக்கரித் தார். இரண்டு பக்கமும் சாயப்பட்டறைப் பிள்ளைகள்.

எதற்கு இரண்டு படலம்? சிலிக்கனில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான் உடனே விடுபட்டு ஓடிவிடும். கரிமப் பொருளில் அப்படி நடக்காது. எழும்பிய எலெக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஜோடியாகவே திரியும். அந்த ஜோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். சாதாரண அறை வெப்பத்தின் ஆற்றல் அதைப் பிரிக்கப் போதாது, பத்து மடங்குக்கு மேல் வேண்டும். அது சுமார் 10 நானோமீட்டர் தூரம் அலைவதற்குள், எலெக்ட்ரானை இன்னும் பலமாக இழுக்கும் ஒரு மூலக்கூறு எதிர்ப்பட வேண்டும். இல்லையென்றால் ஜோடி மறுபடி சேர்ந்து, வாங்கிய ஒளி வெப்பமாகிப் போகும். எதிர்ப்பட வேண்டிய அந்த மூலக்கூறுதான் ஏற்பி. ஏற்பியை வடிவமைப்பது என்றால் இரண்டு காரியம்: இழுக்கும் பலத்தைச் சரியாக வைப்பது, வழங்கியோடு அது கலக்கும் விதத்தைச் சரியாக வைப்பது. கலப்பது என்றால் எண்ணெயும் தண்ணீருமாக ஒதுங்கவும் கூடாது, பாலும் டிகாக்ஷனுமாகக் கரைந்துவிடவும் கூடாது. 10 நானோமீட்டர் அகலத்துக்கு இழை இழையாகப் பின்னிக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது காரியத்தில் சாயக் குடும்பம் அப்போது தோற்றது. பெரிலீன் சாயங்கள் தட்டையானவை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பெரிய படிகமாகிவிடும். அந்த நேரத்தில் புகைக்கரி உள்ளே வந்தது. கார்பன் தண்டுகளுக்கிடையே ஹீலியத்தில் மின்பொறி விட்டு வரும் கரியில் அறுபது கார்பன் கொண்ட உருண்டை, ஃபுல்லரீன், கிராம் கணக்கில் கிடைக்கும் என்று 1990-ல் க்ராட்ச்மரும் ஹஃப்மனும் காட்டினார்கள். கடத்தும் பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்கு எலெக்ட்ரான் மின்னல் வேகத்தில் தாவுவதை 1992-ல் சரிசிஃப்சி, ஹீகர், வூடல் முதலானோர் கண்டார்கள். ஹும்மலன் அதற்கு ஒரு வால் ஒட்டிக் கரையக்கூடியதாக்கினார், அது பிசிபிஎம். 1995 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஏற்பி என்றாலே பிசிபிஎம்தான். ஹீகருக்கு 2000-ல் கடத்தும் பாலிமர்களுக்காக நோபல் பரிசும் கிடைத்தது. நம் நாட்டில் கரிமச் செல்களில் இறங்கிய பெங்களூரு, கான்பூர் ஆய்வகங்களும் அந்தக் காலத்தில் இதே ஃபுல்லரீன் கலவையோடுதான் மல்லுக்கட்டின.

பிசிபிஎம்முக்கு ஒரு குறை இருந்தது, அதை மறைக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது சரியாக உறிஞ்சாது. செல்லில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வெயிலைச் சும்மா வழியவிட்டது. இழுக்கும் பலத்தை மாற்றலாம் என்றால் உருண்டையில் கைவைக்க அதிக இடமும் இல்லை.

2015-ல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜான் சியாவ்வெய் குழு வெளியிட்ட மூலக்கூறின் பெயர் ஐடிஐசி. நடுவில் ஏழு வளையங்கள் பிணைந்த, எலெக்ட்ரான் தாராளமாக உள்ள தட்டை. இரண்டு ஓரங்களிலும் எலெக்ட்ரானை இழுக்கும் முனைகள். அந்த முனை என்ன? தாலிக்கிலிருந்து பெறும் எஸ்டரை எத்தில் அசிடேட்டோடு வினைப்படுத்தினால் இண்டேன்டையோன். அதில் மலோனோநைட்ரைலைச் சேர்த்தால் ஒரு கார்பனைலின் இடத்தில் இரண்டு சயனோ (கார்பன்-நைட்ரஜன்) தொகுதிகள். இதை நடுத்தட்டின் ஆல்டிஹைடுகளோடு குளோரோஃபார்மில், கொஞ்சம் பிரிடின் விட்டுக் காய்ச்ச வேண்டும். வேதியியலர் நோவனாகல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல்லிவைத்த அதே வினை. கடைசியில் கிடைப்பது அடர்நீலத் தூள்.

இப்போது அந்த ஓரத்தை எழுதிப் பாருங்கள்: பென்சீன் வளையம், ஒட்டிய ஐந்து மூலை வளையம், ஒரு கார்பனைல், நடுவை நோக்கி ஓர் இரட்டைப் பிணைப்பு. அவுரி நீலத்தின் ஓரம். நைட்ரஜன் போய்க் கார்பன் வந்திருக்கிறது, சயனோ கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. ஒரு மூலக்கூறு நிறம் காட்ட என்ன வேண்டுமோ, எலெக்ட்ரான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுபடுவது, அதுவேதான் ஏற்பிக்கும் வேண்டும். சாயக்காரர்கள் துணிக்காகத் தேடியதைச் சோலார்காரர்கள் மின்சாரத்துக்காகத் தேடினார்கள், ஒரே கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஐடிஐசியின் சாமர்த்தியம் முனையில் மட்டும் இல்லை. நடுத்தட்டிலிருந்து நான்கு ஃபீனைல் கைகள், ஒவ்வொன்றிலும் ஆறு கார்பன் வாலோடு, மேலும் கீழுமாக நீட்டிக்கொண்டிருக்கும். பெரிலீனைப் போல நடுப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க அவை விடாது. முனைகள் மட்டும் மறைப்பில்லாமல் திறந்திருக்கும். அதனால் ஒரு மூலக்கூறின் முனை பக்கத்து மூலக்கூறின் முனையோடு உரசி நிற்கும், எலெக்ட்ரான் முனை விட்டு முனை தாவிப் போகும். முதல் அறிக்கையில் மாற்றுத்திறன் 6.8 சதவீதம். 2019-ல் சாங்ஷாவின் மத்திய தெற்குப் பல்கலைக்கழகத்தில் சோ யிங்பிங் குழு கொண்டுவந்த ஒய்6 அதை 15.7 சதவீதத்துக்கு ஏற்றியது. அதன் நடுப்பகுதி நேராக இல்லாமல் வளைந்தது. முனை, வளையத்தில் இரண்டு ஃப்ளூரின் ஏறிய தாலிக் துண்டு. ஃப்ளூரின் கூடுதலாக இழுக்கிறது, பக்கத்து மூலக்கூறோடு நெருங்கியும் உட்கார வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத 900 நானோமீட்டர் தாண்டிய ஒளியைக்கூட ஒய்6 உறிஞ்சும். அந்த வம்சத்தின் செல்கள் ஆய்வக அளவில் இப்போது 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டன.

ஒரு கணக்குப் போட்டேன். ஐடிஐசியின் எடையில் முனைகள் இரண்டும் கால் பங்குக்குச் சற்று மேல். 25 கிலோ தாலிக் மூட்டை ஒன்று, வழியில் ஒரு துளியும் வீணாகாமல் முனைகளாக மாறினால் சுமார் 120 கிலோ ஐடிஐசி வரும். செல்லின் படலம் 100 நானோமீட்டர் தடிமன், அதில் பாதி ஏற்பி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.06 கிராம். ஆக ஒரு மூட்டை 20 லட்சம் சதுர மீட்டருக்குப் போதும், அதாவது இரண்டு சதுர கிலோமீட்டர். 10 சதவீதத் திறன் என்று வைத்தாலும் உச்சி வெயிலில் 200 மெகாவாட். பழைய எண்ணூர் நிலையத்தில் கிட்டத்தட்ட பாதி. தாளில் பார்க்க இனிக்கிறது.

நிஜத்தில் வழியெல்லாம் வீணாகிறது. ஏழு வளைய நடுத்தட்டைக் கட்டப் பல படிகள், ஒவ்வொரு படியிலும் சுத்திகரிப்பு, லிட்டர் லிட்டராகக் கரைப்பான். அதனால்தான் கிலோ நூறு ரூபாய் சுற்றி விற்கும் தாலிக்கின் பேரன், ஆய்வகக் கடையில் ஒரு கிராமே பல ஆயிரம் ரூபாய் கேட்கிறான். ஆயுளிலும் சிக்கல். உடைவது அந்த நீல ஓரத்தின் இரட்டைப் பிணைப்பு. செல்லில் எலெக்ட்ரானை வெளியே கொண்டுபோக வைக்கும் துத்தநாக ஆக்சைடு, புற ஊதா ஒளி பட்டால் அதைப் பிய்த்துவிடும். முனை கழன்றால் இழுக்க ஆளில்லை. துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீய ஆக்சைடு, மேலே புற ஊதாவை வடிகட்டும் படலம் என்று மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டில் பாதி நாள் உப்புக்காற்று வியர்க்கும் திருவொற்றியூர் மொட்டை மாடியில் 25 ஆண்டு உத்தரவாதம் தரும் சிலிக்கன் பலகையோடு இது இன்றைக்குப் போட்டி போட முடியாது. முடியும் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நான் வாங்க மாட்டேன்.

விலையைக் குறைக்க இப்போது வெட்டுவது நடுத்தட்டைத்தான். வளையங்களைப் பிணைத்துக் கட்டாமல், சாதாரண தயோபீன் வளையங்களை வரிசையாகக் கோத்து, பருமனான பக்கக் கைகளால் அவை முறுக்கிக்கொள்ளாமல் நிறுத்தி, இரண்டு மூன்று படிகளில் ஏற்பியை முடிக்கிறார்கள். அப்படிச் செய்தவற்றில் சில 2021-லேயே 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. நடுவில் என்னென்னவோ மாறியும், இரண்டு ஓரங்களிலும் பெரும்பாலும் அதே தாலிக் துண்டுதான்.